சுவருக்குள் புதைக்க வேண்டியது எது?

தருமபுரி மாவட்டத்தில் அண்மைக் காலமாகக் கட்டப்படும் வீடுகளின் வரைபடங்களில் ஓர் அறை புதிதாக இடம்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. பூஜை அறை, படுக்கை அறை, சமையலறை என்ற வழக்கமான பட்டியலுக்கு அடுத்ததாக 'ஹோம் தியேட்டர்' என்று எழுதப்படும் அந்த அறை, இன்று செல்வந்தர்களின் ஆடம்பரம் மட்டுமன்று. பெங்களூரிலும் ஒசூரிலும் திருப்பூரிலும் வெளிநாடுகளிலும் உழைத்துச் சேமித்த பணத்தில் சொந்த ஊரில் வீடு எழுப்பும் நடுத்தரக் குடும்பங்களும், மாடியில் ஓர் அறையையாவது பெரிய திரைக்கென்று ஒதுக்குகின்றன. புரொஜெக்டரின் விலை குறைந்ததும், திரைப்படங்கள் இணையம் வழியே வீட்டுக்கே வருவதும் இதற்குக் காரணங்கள்.

அந்த அறைக்குச் செலவிடப்படும் தொகையில் மிகச் சிறிய பங்கைப் பெறுவது, படத்தைப் புரொஜெக்டருக்குக் கொண்டு செல்லும் கேபிள். மிக அதிகமான தொல்லையைத் தருவதும் அதுதான். இம்மாவட்டத்தில் வீட்டு மின்னமைப்புப் பணிகளோடு நெடுங்காலம் தொடர்பு கொண்டிருப்பவன் என்ற முறையில், "புரொஜெக்டர் புதிது, பெட்டி புதிது, படம் மட்டும் வரவில்லை" என்ற முறையீட்டை நான் அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலான இடங்களில் குற்றவாளி, சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் புதைந்து கிடக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

மின்சாரக் கம்பியைப் போலவே படக் கேபிளும் ஒருமுறை புதைத்தால் ஒரு தலைமுறைக்கு உழைக்கும் என்ற நம்பிக்கையே இந்தத் தொல்லையின் வேர். அந்த நம்பிக்கை ஏன் பிழையானது என்பதை விளங்கிக்கொண்டால், வீடு கட்டுவோர் சில நூறு ரூபாய்ச் செலவில் பல ஆயிரம் ரூபாய் இழப்பைத் தவிர்க்கலாம்.

*ஒலிக்குப் பழகிய கைகள்*

ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டிய டூரிங் டாக்கீஸ்களை மூத்த தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே படச்சுருளும் புரொஜெக்டரும் ஒரே அறையில் இருந்தன. கொட்டகையின் நீளத்தைக் கடந்து திரைக்குச் சென்றது வெறும் ஒளிக்கற்றை. கம்பி வழியே சென்றது, திரைக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கிக்கான ஒலி மட்டுமே. மனிதக் காது கேட்கும் ஒலியின் உச்ச அதிர்வெண் நொடிக்கு 20,000. அந்த அளவைச் சுமக்க எந்தச் சாதாரணக் கம்பியும் போதும். திருவிழாவிலும் திருமணத்திலும் நூறடி, இருநூறடிக்கு ஒயர் இழுத்து ஒலிபெருக்கி கட்டிப் பழகிய கைகளுக்குத் தொலைவு ஒரு பொருட்டாகத் தெரிந்ததில்லை.

இன்றைய வீட்டுத் திரையரங்கில் நிலைமை வேறு. படம் பிறக்கும் பெட்டி ஒரு மூலையில், அலமாரியில் இருக்கிறது. புரொஜெக்டர் கூரையில் தொங்குகிறது. இரண்டுக்கும் இடையே படம் முழுவதும் கம்பி வழியாகவே பயணம் செய்தாக வேண்டும். அந்தப் பயணத்துக்கான கேபிள்தான், 2002 டிசம்பரில் ஹிட்டாச்சி, சோனி, பிலிப்ஸ், தோஷிபா உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட எச்.டி.எம்.ஐ. என்னும் தரத்தில் அமைந்த கேபிள். 19 முனைகள் கொண்ட அதன் தலைப்பகுதி இன்று தொலைக்காட்சி வைத்திருக்கும் பெரும்பாலான வீடுகளில் உண்டு.

அந்தக் கேபிள் சுமக்கும் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். முழு எச்.டி. படத்தில் ஒரு சட்டகத்துக்கு 1,920 பெருக்கல் 1,080 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட். நொடிக்கு 60 சட்டகம். பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 299 கோடி பிட். 4கே படத்தில் புள்ளிகள் நான்கு மடங்கு என்பதால் அது 1,194 கோடியாகிறது. அனுப்பும் முறைக்கான கூடுதல் குறிகளையும் சட்டகங்களுக்கு இடைப்பட்ட நேரத்தையும் சேர்த்தால், கேபிளில் உண்மையில் ஓடுவது நொடிக்கு 1,782 கோடி பிட். 2013இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0 பதிப்பின் உச்ச அளவான 18 ஜிகாபிட் என்பது இதையே குறிக்கிறது. 2017இல் வந்த 2.1 பதிப்பு 48 ஜிகாபிட் வரை அனுமதிக்கிறது.

"இணையத்தில் 4கே படம் பார்க்க 25 மெகாபிட் வேகம் போதும் என்கிறார்களே, கேபிளுக்கு மட்டும் ஏன் இத்தனை?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. இணையத்தில் வருவது சுருக்கி மடிக்கப்பட்ட படம், ஆலம்பழத்தின் விதையைப் போன்றது. அதை விரித்து மரமாக்குவது வீட்டில் இருக்கும் பெட்டி. அந்தப் பெட்டியிலிருந்து புரொஜெக்டருக்குச் செல்வதோ கிளையும் இலையுமாக விரிந்த முழு மரம். ஒரே படம்தான் என்றாலும், பெட்டிக்கு முன்பும் பின்பும் அதன் பாரம் ஏறத்தாழ 700 மடங்கு வேறுபடுகிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால், பின்னால் சொல்லப்போகும் தீர்வுகளில் ஒன்று தானாகவே புலப்படும்.

*தாமிரத்தின் எல்லை*

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறுகிறது. அந்த வேகத்தில் கம்பியின் முழுத் தடிமனும் மின்னோட்டத்துக்குப் பயன்படுகிறது. அதிர்வெண் கூடக்கூட மின்னோட்டம் கம்பியின் உட்பகுதியை விட்டு மேற்பரப்புக்கு ஒதுங்குகிறது. 4கே படத்தைச் சுமக்கும் கம்பியில் அதிர்வெண் நொடிக்கு 300 கோடியை நெருங்கும்போது, மின்னோட்டம் செல்லும் மேல்தோலின் ஆழம் ஏறத்தாழ 1.2 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட அது தேறாது. எவ்வளவு தாமிரம் இருந்தாலும் அதன் மெல்லிய தோல் மட்டுமே வேலை செய்கிறது. கம்பியைச் சூழ்ந்திருக்கும் காப்புப் பொருளும் தன் பங்குக்கு ஆற்றலை விழுங்குகிறது. தொலைவு கூடக்கூட இழப்பும் கூடுகிறது.

கேபிளுக்குள் படம் மூன்று இணைக் கம்பிகளில் பிரிந்து செல்கிறது. மேற்சொன்ன 4கே படத்தில் ஒவ்வோர் இணையும் நொடிக்கு 594 கோடி பிட்டுகளைச் சுமக்கிறது. அந்த வேகத்தில் ஒரு பிட் கம்பியில் அடைத்துக்கொள்ளும் நீளம் மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. 15 மீட்டர்க் கேபிளில் எந்நேரமும் நானூறுக்கும் மேற்பட்ட பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எறும்பு வரிசைபோல் சென்றுகொண்டிருக்கின்றன. இணையில் உள்ள இரு கம்பிகளுள் ஒன்று மற்றதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீண்டுவிட்டால்கூட வரிசை குலையும். கேபிளை முழங்கை வளைவில் நசுக்கித் திணித்தால் உள்ளே கம்பிகளின் இடைவெளி மாறி, சமிக்ஞையின் ஒரு பகுதி சுவரில் மோதிய பந்தைப் போலத் திரும்பி வரும். மின்சாரக் கம்பிக்கு ஒரு பொருட்டே அல்லாத இத்தகைய சிறு காயங்கள், படக் கேபிளுக்கு உயிர்நிலைக் காயங்கள்.

எச்.டி.எம்.ஐ. தரம், கேபிள் இத்தனை மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று எங்கும் வரையறுக்கவில்லை. மறுமுனையில் சமிக்ஞை எந்தத் தகுதியோடு வந்து சேர வேண்டும் என்பதையே அது வரையறுக்கிறது. நடைமுறையில், மின்னணுத் துணை ஏதுமில்லாத நல்ல தாமிரக் கேபிளை முழு எச்.டி. படத்துக்கு 10 முதல் 15 மீட்டர் வரை நம்பலாம். நொடிக்கு 60 சட்டகம் கொண்ட 4கே படத்துக்கு அந்த எல்லை 5 முதல் 7 மீட்டராகச் சுருங்குகிறது. 48 ஜிகாபிட் வேகத்தில் 5 மீட்டரைத் தாண்டுவதே அரிது. படம் கூர்மையாக ஆக, கேபிள் குட்டையாக வேண்டியிருக்கிறது.

இதில் ஏமாற்றும் தன்மை ஒன்றும் உண்டு. 1987 முதல் கணினிகளில் இருந்துவந்த பழைய வி.ஜி.ஏ. கேபிள் நீண்டால், படம் சிறிது சிறிதாக மங்கும். எழுத்தின் ஓரத்தில் நிழல் விழும். குறை கண்ணுக்குத் தெரிந்தது, எச்சரிக்கையாகவும் இருந்தது. எண்முறைச் சமிக்ஞையில் அந்த எச்சரிக்கை இல்லை. ஒரு எல்லை வரை படம் அப்பழுக்கின்றித் தெரியும். எல்லையை நெருங்கும்போது திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும். அவ்வப்போது திரை இருண்டு மீளும். எல்லையைக் கடந்தால் 'நோ சிக்னல்'. நல்ல படத்துக்கும் வெறுந்திரைக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மீட்டர்க் கேபிளாகவோ, ஒரு கூடுதல் வளைவாகவோ இருக்கலாம். தங்க முலாம் பூசிய தலைப்பகுதி படத்தின் நிறத்தைக் கூட்டும் என்று சொல்லி விற்பதில் பொருளில்லை என்பதும் இதனால் விளங்கும். வந்து சேர்ந்த பிட் வந்ததுதான். அதற்கு மேல் அழகு சேர்க்கக் கேபிளால் இயலாது.

*பதினோரு அடி, முப்பத்து மூன்று அடி*

"எங்கள் அறையே பதினைந்து அடிதான், நீளமான கேபிள் எங்கே வருகிறது?" என்று பலர் கேட்கிறார்கள். அளந்து பார்ப்போம். 100 அங்குலத் திரையின் அகலம் 2.2 மீட்டர். வீட்டில் பரவலாகப் பயன்படும் புரொஜெக்டர்கள் பலவற்றைத் திரை அகலத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தொலைவில் மாட்ட வேண்டும். அதாவது 3.3 மீட்டர், சுமார் 11 அடி. கண்ணுக்குத் தெரியும் தூரம் இவ்வளவுதான்.

ஆனால் கேபிள் பறவையைப் போல நேராகப் பறப்பதில்லை. திரைக்குக் கீழே மூலை அலமாரியில் இருக்கும் பெட்டியிலிருந்து கூரை வரை 8 அடி ஏற வேண்டும். சுவரோரத்திலிருந்து அறையின் நடுப்பகுதிக்கு வர 6 அடி. கூரை வழியே புரொஜெக்டர் வரை 11 அடி. அங்கிருந்து கீழிறங்க 2 அடி. இரு முனைகளிலும் கழற்றி மாட்டுவதற்கு மும்மூன்று அடி. மொத்தம் 33 அடி, அதாவது 10 மீட்டர். சிறிய அறையிலேயே 4கே படத்துக்கான தாமிர எல்லையைக் கேபிள் தாண்டிவிட்டது. பெட்டி பக்கத்து அறையில் இருந்தாலோ, பெரிய கூடமாக இருந்தாலோ 15 முதல் 20 மீட்டர் வரை ஆகும்.

பென்னாகரம் பகுதியில் நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்லலாம். கூரைத் தளம் வார்க்கும்போதே 15 மீட்டர்க் கேபிளை முக்கால் அங்குலக் குழாயில் கோத்துப் புதைத்திருந்தார்கள். முழு எச்.டி. புரொஜெக்டரில் ஏழு ஆண்டுகள் குறையின்றி ஓடியது. பெங்களூரில் பணிபுரியும் மகன், பெற்றோரின் மணிவிழாவையொட்டி 4கே புரொஜெக்டர் வாங்கி மாட்டியதும் திரை இருண்டது. விற்றவர் வீட்டின் வயரிங்கைக் குறை சொன்னார். வயரிங் செய்தவர் கருவியைக் குறை சொன்னார். பெட்டியின் அமைப்பில் பழைய எச்.டி. அளவைத் தேர்ந்தெடுத்தவுடன் படம் வந்துவிட்டது. அதனால் கருவிகள் இரண்டும் நலமாக இருந்தது உறுதியாயிற்று. பழைய கேபிளை உருவிவிட்டுப் புதியதைக் கோக்கலாம் என்றால், குழாயில் மூன்று முழங்கை வளைவுகள். தலைப்பகுதியோ குழாயின் வாயைவிட அகலம். கடைசியில், அழகாகப் பூசி வண்ணமடித்த கூரையின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் கேசிங் ஒட்டித்தான் புதிய கேபிள் சென்றது. எந்த அழகுக்காகக் கேபிளைப் புதைத்தார்களோ, அந்த அழகே பறிபோனது.

*நான்கு வழிகள்*

தொலைவைக் கடக்க இன்று நான்கு வழிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் வேறு.

முதலாவது, தொலைவையே குறைப்பது. விதை, மரம் என்று மேலே சொன்னதை நினைவுகூரலாம். வீட்டில் பார்ப்பது பெரும்பாலும் இணையவழிப் படங்கள் என்றால், அந்தப் படத்தை விரிக்கும் சிறு கருவியைப் புரொஜெக்டரின் அருகிலேயே மாட்டிவிடலாம். கேபிள் ஓரடியோடு முடிந்துவிடும். ஒலியை மட்டும் கீழே உள்ள ஒலிபெருக்கிக்குக் கொண்டு வந்தால் போதும். ஒலிக்குத் தொலைவு பெரிய தடையன்று என்பதை முன்பே கண்டோம். செலவு குறைந்த வழி இதுவே. டிஷ் பெட்டி, கேம் கருவி, புளூ-ரே என்று பலவற்றை இணைக்க விரும்புவோருக்கு இது போதாது.

இரண்டாவது, சமிக்ஞைக்கு வலுவூட்டும் மின்னணுச் சில்லு பொருத்திய தாமிரக் கேபிள். காவிரி நீரை ஒகேனக்கல்லிலிருந்து மேட்டு நிலத்து ஊர்களுக்குக் கொண்டு செல்லக் குழாய் மட்டும் போதாது, நீரேற்றும் நிலையங்களும் வேண்டும் என்பதை இம்மாவட்டத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே வேலையைத்தான் அந்தச் சில்லு செய்கிறது. 10 முதல் 15 மீட்டர் வரையிலான தொலைவுக்கு இது ஏற்றது.

மூன்றாவது, கணினி வலையமைப்புக்கான கேட்-6 கேபிளில் படத்தை ஏற்றி அனுப்பும் எச்.டி.பேஸ்-டி முறை. எல்.ஜி., சாம்சங், சோனி பிக்சர்ஸ், வேலன்ஸ் ஆகிய நிறுவனங்கள் 2010இல் தொடங்கிய கூட்டமைப்பு உருவாக்கிய தரம் இது. 100 மீட்டர் வரை செல்லும். இரு முனைகளிலும் மாற்றுக் கருவி தேவை. அவை எந்த அளவு படம் வரை தாங்கும் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். கேபிள் பழுதடைந்தாலும் தலைப்பகுதியை ஊரிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் சிறப்பு. சந்தையில் கேட்-6 என்ற பெயரில், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியும் மலிவாக விற்கப்படுகிறது. முழுத் தாமிரமா என்று கேட்டு வாங்காவிட்டால், மிச்சப்படுத்திய சில நூறு ரூபாய், விலை உயர்ந்த மாற்றுக் கருவிகளைப் பயனற்றதாக்கிவிடும்.

நான்காவது, ஒளியிழைக் கேபிள். ஒரு முனையில் மின் சமிக்ஞையை ஒளியாக மாற்றி, மறுமுனையில் மீண்டும் மின்னாக்கும் கருவிகள் தலைப்பகுதியிலேயே அடங்கியிருக்கும். பல பத்து மீட்டர்களுக்கு 18 ஜிகாபிட்டையும், உரிய தரத்தில் வாங்கினால் 48 ஜிகாபிட்டையும் சுமக்கும். இதற்குத் திசை உண்டு. பெட்டிக்கான முனையும் திரைக்கான முனையும் வேறு. மாற்றிக் கோத்துவிட்டால் படம் வராது. கூர்மையாக மடித்தால் உள்ளே இழை முறியும். முறிந்தால் ஒட்டுப்போட இயலாது, முழுக் கேபிளையும் மாற்ற வேண்டியதுதான். தலைப்பகுதியைப் பிடித்து இழுத்துக் கோப்பதும் அதைக் கொல்லும் செயலே.

தாமிரமானாலும் ஒளியிழையானாலும், வாங்குமுன் உறையைப் பார்ப்பது நல்லது. 48 ஜிகாபிட் தரத்துக்குச் சோதிக்கப்பட்ட கேபிள்களின் உறையில் கியூஆர் குறியுடன் கூடிய சான்று வில்லை ஒட்டப்பட்டிருக்கும். அதைக் கைப்பேசியில் சரிபார்க்கலாம். புதைப்பதற்கு முன்பாக, அறையில் விரித்துப் போட்டு, இரு கருவிகளையும் மாட்டி, உச்ச அளவில் முழுப் படம் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

*குழாயே சொத்து*

இந்த நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும், அது இறுதியான விடையாக இராது. 2002இல் தொடங்கிய தரம் 2013இலும் 2017இலும் மாறியது; 2025இல் 96 ஜிகாபிட் வரை செல்லும் 2.2 பதிப்பும் வந்துவிட்டது. நாம் கட்டும் வீடோ ஐம்பது ஆண்டுகள் நிற்க வேண்டியது. பத்தாண்டுகளுக்குள் பழையதாகிவிடும் ஒரு பொருளை ஐம்பதாண்டுச் சுவருக்குள் கலந்து புதைப்பது அறிவுடைமையாகாது. நிலையாகப் புதைக்க வேண்டியது குழாய். கேபிள் அதில் வந்து போகும் விருந்தாளி.

அந்தக் குழாய் எப்படி இருக்க வேண்டும்? வீட்டு வயரிங்கில் வழக்கமாகப் பயன்படும் முக்கால் அங்குல, ஒரு அங்குலக் குழாய்கள் போதா. எச்.டி.எம்.ஐ. தலைப்பகுதி அதன் பிளாஸ்டிக் உறையோடு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அகலமானது. ஒன்றரை அங்குலக் குழாய் பாதுகாப்பான தேர்வு. முழங்கைக்குப் பதிலாக நீண்ட வளைவு கொண்ட பெண்டுகளைப் பயன்படுத்த வேண்டும். இரண்டு வளைவுகளுக்கு மேல் தேவைப்பட்டால், இடையே திறந்து மூடக்கூடிய ஒரு பெட்டி வைக்க வேண்டும். குழாயின் உள்ளே ஒரு நைலான் கயிற்றை நிரந்தரமாக விட்டு வைத்தால், நாளை புதிய கேபிளை அதில் கட்டி இழுக்கலாம். தளம் வார்க்கும்போது சிமென்ட் பால் உள்ளே இறங்காதபடி இரு வாய்களையும் அடைத்து வைப்பதும் முக்கியம். ஒரு சாதாரண அறைக்கு இதற்கெல்லாம் ஆகும் கூடுதல் செலவு, அந்த அறைக்கு வாங்கும் ஒரு நாற்காலியின் விலையைத் தாண்டாது.

மின்சாரக் கம்பியையும் படக் கேபிளையும் ஒரே குழாயில் கோக்கவே கூடாது. இது படத்தின் தரத்தைப் பற்றியது மட்டுமன்று. காப்பு உரிந்தால் 230 வோல்ட் மின்சாரம் கையால் தொடும் கருவிக்கு வந்துவிடும். இரு குழாய்களும் இணையாகச் சென்றால் ஓரடி இடைவெளி விட வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

*பாறை நிலமும் இடியும்*

தருமபுரி மாவட்டத்துக்கென்றே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நீண்ட தாமிரக் கேபிள், அறையின் இரு முனைகளில் இரு வேறு மின் இணைப்புகளில் இயங்கும் கருவிகளை உலோகத்தால் பிணைக்கிறது. வீட்டின் எர்த் சரியாக இல்லாவிட்டால், கசியும் மின்சாரம் அந்தக் கேபிளின் மேலுறை வழியாகவே தன் பாதையைத் தேடிக்கொள்ளும். கேபிளை மாட்டும் கணத்தில் சிறு பொறி பறந்து, எச்.டி.எம்.ஐ. துளை நிரந்தரமாகச் செயலிழப்பது இதனால்தான். நம் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். மேல்மண் ஆழமில்லாத இடங்களில் எர்த் குழி போதிய ஆழம் செல்வதில்லை; கோடையில் ஈரமும் இருப்பதில்லை. எர்த் அமைப்பதற்கு ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. அதன்படி எர்த் எதிர்ப்பை அளந்து பார்த்துச் சான்று பெற்ற வீடுகள் எத்தனை என்று கேட்டால் மௌனமே விடையாகக் கிடைக்கும்.

கோடை மழையும் வடகிழக்குப் பருவமழையும் இடியோடு வருகின்றன. அருகில் எங்கோ விழும் மின்னலும் நீண்ட தாமிரக் கம்பியில் மின் அலையைத் தூண்டும். மொட்டை மாடி டிஷ் வழியாகவோ, தெருக் கம்பம் வழியாகவோ நுழையும் அந்த அலை, பெட்டியையும் புரொஜெக்டரையும் ஒருசேரப் பதம் பார்த்துவிடும். இடி கேட்டவுடன் மின் இணைப்பையும் கேபிளையும் கழற்றுவதே சிறந்த காப்பு. ஒளியிழையில் படம் செல்லும் பாதையில் உலோகம் இல்லை என்பது கூடுதல் நன்மை. எனினும் பல ஒளியிழைக் கேபிள்களில் துணைச் சமிக்ஞைகளுக்காக மெல்லிய தாமிரக் கம்பிகளும் உடன் செல்வதால், முழுக் காப்பு என்று எண்ணிவிடலாகாது. புரொஜெக்டருக்கும் பெட்டிக்கும் ஒரே சுற்றிலிருந்து, முறையான எர்த்துடன் மின்சாரம் கொடுப்பது எல்லா நிலையிலும் பொருந்தும் விதி.

*யாருடைய வேலை?*

வீட்டு மின்சார வயரிங்குக்கு ஐ.எஸ். 732 என்ற தர விதி உண்டு. அந்த வேலையைச் செய்வோருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று உண்டு. படக் கேபிள் விஷயத்தில் அத்தகைய பொறுப்பு யாரிடமும் இல்லை. கட்டடப் பொறியாளர் அதை மின்பணியாளரின் வேலை என்கிறார். மின்பணியாளர் விற்பனையாளரின் வேலை என்கிறார். விற்பனையாளர் வரும்போது பூச்சு முடிந்து வண்ணமும் அடித்தாகிவிட்டது. மூவரும் தத்தம் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கக்கூடும். மூவருக்கும் இடையே விழுந்த இடைவெளியின் விலையை மட்டும் வீட்டுக்காரர் கொடுக்கிறார்.

இது வீடுகளோடு முடிவதில்லை. அரசுப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் பெருகிவருகின்றன. ஊராட்சிக் கூட்ட அரங்குகளிலும் சமுதாயக் கூடங்களிலும் புரொஜெக்டர்கள் மாட்டப்படுகின்றன. வீட்டில் பத்து மீட்டர் என்றால் கூடத்தில் இருபது, முப்பது மீட்டர். கேபிள் பழுதானால், வீட்டுக்காரரைப் போல உடனே பணம் எடுத்து மாற்ற ஒரு தலைமையாசிரியரால் இயலாது. நல்ல கருவி கூரையில் தூசு படிந்து தொங்க, மாணவர்கள் ஆசிரியரின் கைப்பேசியைச் சுற்றிக் கூடி நிற்பார்கள். பொதுப் பணத்தில் வாங்கப்படும் எந்தப் புரொஜெக்டருக்கான ஒப்பந்தத்திலும், கேபிளின் நீளம், அது தாங்க வேண்டிய வேகம், மாற்றக்கூடிய குழாய், பொருத்திய பின் உச்ச அளவில் சோதனை ஆகிய நான்கும் எழுத்தில் இடம்பெற வேண்டும்.

தருமபுரி உள்ளிட்ட ஊர்களின் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் பிரிவில் படிக்கும் இளைஞர்களுக்கு, படக் கேபிள், வலையமைப்புக் கேபிள், ஒளியிழை ஆகியவற்றைக் கோக்கவும் சோதிக்கவும் சில நாள் செய்முறைப் பயிற்சி அளிப்பது கடினமன்று. கண்காணிப்புக் கேமரா, இணையம், சூரிய மின்தகடு என்று வீடுகளுக்குள் புதிய கம்பிகள் நுழைந்துகொண்டே இருக்கும் காலம் இது. இந்தத் திறன் அவர்களுக்கு உள்ளூரிலேயே வருவாய் தரும்.

வீடு கட்டிக்கொண்டிருப்போருக்கு ஒன்றே சொல்வேன். தளம் வார்க்கும் நாளுக்கு முன்பாகக் கொத்தனாரையும் மின்பணியாளரையும் ஒன்றாக அந்த அறையில் நிறுத்துங்கள். திரை எங்கே, புரொஜெக்டர் எங்கே, பெட்டி எங்கே என்று சுவரில் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். குறிகளுக்கு இடையே ஒன்றரை அங்குலக் குழாயைச் சுற்றுவழி இல்லாமல் போடச் சொல்லுங்கள். குழாய் பதித்த பிறகு, கம்பிகளுக்கு நடுவே அது செல்லும் தடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேபிளை வண்ணம் அடித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் இன்னும் நல்லதொரு கேபிள் சந்தைக்கு வந்திருக்கும், விலையும் குறைந்திருக்கும்.